கொரியத் தாய்க்குக் குரல் கொடுத்த நாட்கள்

ஜூன் 2, திங்கள்

வெயில். காலையிலேயே மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து அந்த நாற்றம். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தலைவலி. திறந்தே வைத்தேன்.

வேலைகள்: கேஸ் புக் செய்ய. தினா சட்டைக்குப் பட்டன். கல் உப்பு. தொண்டைக்கு அதிமதுரம்.

சமையலுக்கு நடுவில் ஸ்டுடியோவிலிருந்து போன். கொரியத் தொடரின் தமிழ் டப்பிங்கில் அம்மா வேடத்துக்கு என் குரலை எடுத்துக்கொண்டார்களாம். நம்பாமல் மறுபடி கேட்டேன். இத்தனை வருடமாக நான் பேசியதெல்லாம் கூட்டத்தில் ஒரு குரல். சந்தையில் 'ஐயோ', கல்யாண வீட்டில் 'வாங்க வாங்க', விபத்து நடந்த இடத்தில் 'யாராச்சும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க'. இப்போது முழுசாக ஒரு ஆள். பெயர் உள்ள ஆள். சுனோக்.

என் வீட்டுக்காரர் மாரியிடம் சொன்னேன். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில். வாசலில் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மே, ஈரோயினா?"

"அம்மா வேஷம்."

"அத்தான பாத்தேன்." மறுபடி வலை. ஆனால் மதியம் அவரே போய் இறால் வாங்கி வந்தார்.

தினா படுத்தே கிடந்தான். என் தம்பி. அம்மா செத்தபோது கைக்குழந்தை. நான் மாரியைக் கட்டிக்கொண்டு காசிமேடு வந்தபோது இடுப்பில் இவனையும் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்பு. மணலியில் காண்ட்ராக்ட் வேலை முடிந்து நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து போனும் பாயும்.

ஜூன் 4, புதன்

மெட்ரோவில் வடபழனி. ஏ.சி. தொண்டைக்கு ஆகாது, முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். எதிரே இருந்த அம்மா எனக்குக் காய்ச்சல் என்று தள்ளி உட்கார்ந்தார்.

டப்பிங் இயக்குநர் ராகவி மேடம். என்னைவிடச் சின்னவர். முதலில் கதை சொன்னார். மறக்காமல் இருக்க எழுதிக்கொள்கிறேன்.

கொரியாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். தெற்கே ஒரு துறைமுக ஊர். சுனோக் கூடையில் மீன் விற்பவள். புருஷன் கடலோடு போனவன். ஒரே மகன் யோங்சூ. விளையும் அரிசி கப்பலேறி ஜப்பான் போகிறது, விளைவித்தவர்கள் தினைக்கஞ்சி குடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசினால் அடி. அப்புறம் பெயரையே மாற்றச் சொல்கிறான். அப்புறம் போர். குண்டு செய்ய வீட்டிலுள்ள பித்தளைக் கிண்ணம், கரண்டி எல்லாம் பிடுங்கிப் போகிறான். கடைசியில் ஆட்களையே.

இன்று பித்தளைக் காட்சி. சுனோக் தன் கல்யாணக் கிண்ணத்தை மீன் கூடையின் அடியில் ஒளித்து எடுத்துப் போகிறாள். ஜப்பான்காரனிடம் வேலை பார்க்கும் போலீஸ், உள்ளூர்ப் பையன்தான், கூடைக்குள் குச்சியை விட்டுக் கிளறுகிறான்.

ராகவி கேட்டார்: "அக்கா, நீங்க எந்த ஏரியா?"

"காசிமேடு, மேடம்."

"வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே இவளுக்குப் பேசுங்க."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். தொடரை வாங்கிய கம்பெனியின் ஆள் ஒருவர் பின்னால் இருந்தார். "மெட்ராஸ் பாஷை போட்டா சிரிச்சிடுவாங்க மேடம். அது காமெடிக்கு."

"மீன் விக்கிற அம்மா நியூஸ் வாசிக்கிற மாதிரிப் பேசினாத்தான் சார் எனக்குச் சிரிப்பு வரும்."

பிறகு எல்லோருக்கும் ஒரு விதி சொன்னார். அவர்கள் தங்களுக்குள் பேசினால் துறைமுகத்துத் தமிழ். பயந்து, கட்டாயத்தில், ஜப்பான் மொழியில் பேசும் இடமெல்லாம் புத்தகத் தமிழ். பாடம் ஒப்பிப்பது போல. பார்க்கிறவர்களுக்கு எந்த விளக்கமும் வேண்டாம், காதே சொல்லிவிடும்.

மைக் முன்னால் நின்றால் வாய் வரவில்லை. இத்தனை வருடம் ஸ்டுடியோ வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போன பேச்சு. உள்ளே கொண்டு வரச் சொன்னால் நாக்கு மலைக்கிறது. முதல் டேக் போச்சு. அடுத்ததும். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரையும் பார்க்காமல், திரையில் அவள் வாயை மட்டும் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு நைனா கூடைய நோண்டிகினு கீற? மீனு வோணும்னா கேளு, குடுக்கறேன். குச்சிய வுட்டு கொடலு எடுக்காத."

யாரும் சிரிக்கவில்லை. ஓகே என்றார்கள்.

கிண்ணத்தை அவன் எடுத்துவிட்டான், பாவம்.

ஜூன் 5, வியாழன்

தொண்டை கரகரப்பு. மிளகுப்பால்.

பெயர் மாற்றும் காட்சி. அலுவலகத்தில் வரிசை. எழுத்தர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஜப்பான் பெயர் எழுதுகிறார். மாற்றாவிட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, அரிசிச் சீட்டு கிடையாது. யோங்சூ இனிமேல் ஹிதெகி. அடுப்படியில் உட்கார்ந்து அம்மா அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கிறாள், வாயில் நுழையவில்லை. என் வசனம்: "பெத்தப்ப வெச்ச பேர சொல்லி கத்துனா நீ திரும்பற. இத்த சொல்லி கத்துனா எவன்டா திரும்புவான்?"

கொரிய மூலத்தில் அந்தப் பையன் 'ஒம்மா' என்கிறான். நம் அம்மாதான். உதடு மூடும் இடம்கூட ஒன்றே. டப்பிங்கில் இது ஒரு சௌகரியம்.

வீடு திரும்பினால் தினா குளித்து, தலை வாரி உட்கார்ந்திருக்கிறான். சந்தேகப்பட்டேன். சரிதான்.

"யக்கா, தாய்லாந்து போறேன். கம்ப்யூட்டர் வேல. தமீம் கீறான் இல்ல, அவன் கம்பெனிலயே."

தமீம் இவன் கூடப் படித்தவன். பழைய வண்ணாரப்பேட்டை. கோடைக்கு முன்னால் போனான். அவன் அம்மா நூரக்கா எனக்கு ரவிக்கை தைப்பவர். தமீம்தான் இவனை வரச் சொல்லி மெசேஜ் போடுகிறானாம். தண்டையார்பேட்டையில் ஏஜென்ட் இருக்கிறாராம். ஒரு பைசா வாங்குவதில்லையாம்.

"வாங்காம எதுக்குடா அனுப்பறான்?"

"கம்பெனிக்கு ஆளு வோணும்க்கா. அவ்ளோதான்."

மாரி: "போயி வர்ட்டும். இங்க படுத்துகினு கெடந்து இன்னா பண்றான்?"

நானும் தடுக்கவில்லை. அவன் முகத்தில் வெளிச்சம் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று.

ஜூன் 7, சனி

பக்ரீத். நூரக்கா வீட்டிலிருந்து பிரியாணி. தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். போனை மடியில் வைத்துக்கொண்டே எல்லோருக்கும் பரிமாறுகிறார்.

"தமீம் பேசினானாக்கா?"

"பேசுவான். அங்க லீவு குடுக்கல போல. பெரிய கம்பெனி இல்ல."

கிளம்பும்வரை போன் அடிக்கவில்லை.

ரவிக்கை கை இறுக்கம். சொல்ல மனம் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

காலையில் பதிவு. ஆள் பிடிக்க வருபவன் சுனோக் வீட்டுக்கு வரும் காட்சி. நல்ல கோட்டு, நல்ல பேச்சு. இவள் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு ருசியைப் புகழ்கிறான். ஜப்பானில் தொழிற்சாலை வேலை என்கிறான். "கப்பல் எங்களுது, சோறு எங்களுது, பாய் எங்களுது. உம் மகன் கைய வீசிட்டு வந்தாப் போதும்." உண்மையில் அது நிலக்கரிச் சுரங்கம். ராகவி முன்பே சொல்லிவிட்டார். ஆனால் சுனோக்குக்குத் தெரியாது, அதனால் என் குரலுக்கும் தெரியக் கூடாது. மகனிடம் "போய்ட்டு வா" என்று சந்தோஷமாகச் சொல்ல வேண்டும்.

நிறைய டேக் ஆயிற்று. "அக்கா, குரல்ல பயம் வருது. அவளுக்கு இன்னும் பயம் தெரியாது" என்றார். மாரி வாங்கி வந்த இறாலை நினைத்துக்கொண்டு சொன்னேன். ஓகே ஆயிற்று.

சாயங்காலம் வீட்டில் அந்த ஏஜென்ட். தினா கூட்டி வந்திருக்கிறான். இஸ்திரி போட்ட சட்டை, காதில் போன் பேசும் வெள்ளை மிஷின். டீ கொடுத்தேன். "டீ சூப்பர்க்கா, இந்த மாதிரி எங்கயும் குடிச்சதில்ல" என்றார்.

"தம்பிக்கு டைப்பிங் தெரியலேன்னாலும் பரவால்ல, அங்க கத்துக் குடுத்துருவாங்க. டிக்கெட் கம்பெனி. ரூம் கம்பெனி. மூணு வேளை சாப்பாடு. ஒரே ஒரு பைய எடுத்துனு ஏறினாப் போதும்."

கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். காலையில் கேட்டதே. கோட்டு மட்டும் இல்லை.

"அங்க புடிக்கலேன்னா ஊருக்குத் திரும்பிக்கலாமா?"

"ஏன்க்கா புடிக்காம போவுது?"

"புடிக்கலேன்னு வெச்சிக்க."

அவர் தினாவைப் பார்த்துச் சிரித்தார். "அக்காவுக்குப் பாசம் ஜாஸ்தி." பாஸ்போர்ட்டை வியாழக்கிழமை கொண்டு வரச் சொன்னார். அதன் பிறகு பத்திரமாகத் தானே வைத்துக்கொள்வாராம்.

என் கேள்விக்குப் பதில் வரவில்லை. வாசலில் அவர் வண்டி கிளம்பிய பிறகுதான் அது உறைத்தது.

ஜூன் 10, செவ்வாய்

பதிவு இல்லை. துணி துவைத்தேன். காயவில்லை, எண்ணூர் மின்நிலையச் சாம்பல் வேறு படிந்து மறுபடி அலசல்.

தினாவின் பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டப்பாவில் போட்டேன். மத்தியானத்துக்குள் காணோம் என்று தெரிந்துவிட்டது. இவ்வளவு சத்தம் இந்த வீட்டில் கேட்டதில்லை.

"கொரியாக்காரி அழுதா நீயும் அழுவற, சொந்தத் தம்பி முன்னுக்கு வந்தா உனுக்கு ஏறல."

"அந்தாளு பேச்சு சரியில்லடா."

"டி.வி. பொட்டிய பாத்துட்டு வந்து எனக்கு வாழ்க்க சொல்லித் தர்ரியா? அவன் பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சா தப்பு. நீ ஒளிச்சி வெச்சா பாசமா?"

 எடுத்துக் கொடுத்துவிட்டேன். அரிசி மாவு ஒட்டியிருந்தது, ஊதித் துடைத்துக்கொண்டான்.

மாரி இருவர் பக்கமும் இல்லாமல் பீடியோடு கடற்கரைக்குப் போய்விட்டார்.

குழம்பில் உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை. யாரும் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஜூன் 11, புதன்

வேலிக் காட்சி. இதுதான் தொடரின் உயிர் என்கிறார் ராகவி.

கப்பலேற்றுவதற்கு முன் ஆட்களைத் துறைமுகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்து வைக்கிறார்கள். கம்பி வேலி. குடும்பத்தார் வந்து பார்க்கலாம், ஆனால் ஜப்பான் மொழியில்தான் பேச வேண்டும். காவல்காரன் பக்கத்தில் நிற்கிறான். சுனோக்குக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மகன் விறைப்பாக நின்று சொல்கிறான்: "நான் நலமாக இருக்கிறேன். உணவு போதுமானதாக உள்ளது. தாங்கள் கவலை கொள்ள வேண்டாம்."

"இன்னாடா சொல்ற? நம்ம பேச்சுல சொல்லுடா, கண்ணு."

காவல்காரன் கம்பியில் தடியால் அடிக்கிறான். மகன் மறுபடி, அதே விறைப்பில்: "நான் நலமாக இருக்கிறேன்."

மகனுக்குக் குரல் கொடுப்பவர் பிரவீன், தேனிப் பையன். கலகலவென்று பேசுபவர். அந்த வரிகளை அவர் சொன்ன விதம். நல்ல தமிழ்தான், தப்பே இல்லாத தமிழ்.  என் முறை வந்தபோது திரையைப் பார்க்காமலே பேசிவிட்டேன். உதடு பொருந்தவில்லை. மறுபடி எடுத்தோம்.

திரும்பும்போது மெட்ரோவில் இடம் கிடைத்தது. வீட்டில் தினா தானே சோறு போட்டுத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறான். 

ஜூன் 12, வியாழன்

இன்று நடந்ததைச் சரியாக எழுத வேண்டும்.

தினா பாஸ்போர்ட்டோடு தண்டையார்பேட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அப்போது தமீமிடமிருந்து வீடியோ கால். இவன் ஜெயித்த முகத்தோடு போனை என் முன்னால் நீட்டினான். "நீயே கேளு. உன் ஏஜென்ட்டு டவுட்டெல்லாம் அவன்கிட்டயே கேளு."

தமீம் திரையில். வெள்ளைச் சுவர். தாடி மழித்திருந்தது, முகம் சப்பையாகத் தெரிந்தது.

"வணக்கம் அக்கா. நான் இங்கே நலமாக இருக்கிறேன். வேலை மிகவும் நன்றாக இருக்கிறது. தினகரனை உடனே அனுப்பி வையுங்கள்."

இந்தப் பையன் என் வீட்டுக்குள் நுழையும்போதே 'யக்கா, இன்னா துன்ன கீது?' என்று கேட்டுக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போகிறவன்.

நான் சாதாரணமாகக் கேட்டேன். "பெருநாளைக்கு இன்னாடா துன்ன?"

அவன் கண் ஒரு பக்கமாகப் போய்த் திரும்பியது.

"இங்கே உணவு நன்றாக இருக்கிறது. கவலை வேண்டாம்."

"அம்மாகிட்ட பேசுனியாடா? பாவம், போன வெச்சிகினே குந்திகினு இருந்திச்சி."

மறுபடி அந்தப் பக்கம் பார்த்தான். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. லைன் கட் ஆகிவிட்டது.

தினா போனையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.  கடைசியில் அவனே சொன்னான்.

"என்ன தினகரன்னு கூப்டறான்."

"ம்."

"எங்க வாத்தியாரே அப்டி கூப்ட்டதில்லக்கா."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். ஏஜென்ட்டின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மாரி வந்து என்ன ஏது என்று கேட்டார். சொன்னோம். பீடியைப் பற்ற வைக்காமலே வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "அப்ப அந்தப் புள்ள?" என்றார்.

அதுதான். அப்போ அந்தப் பிள்ளை?

ஜூன் 13, வெள்ளி

நூரக்காவிடம் யார் சொல்வது. தினா வரமாட்டேன் என்றான். நான் போனேன். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டார். பாதி சொல்வதற்குள் மிதிப்பது நின்றது.

"இன்னா கலா பேசற? நேத்துகூட மெசேஜ் போட்டான், நல்லா கீறேன்னு."

"எப்டி சொன்னான்க்கா? அவன் பேசற மாதிரியா சொன்னான்?"

"வெளிநாடு போனா பேச்சு மாறாதா? நாலு பேருக்கு நடுவுல டீசண்டா பேசறான். உன் தம்பி போவ பயந்துகினான். அதுக்கு எம் புள்ள மேல கண்ணு வெக்காத."

எழுந்து வந்துவிட்டேன். ரவிக்கைத் துணியை அங்கேயே மறந்தேன்.

எனக்கு வேறு யோசனையும் வந்தது. ஒருவேளை நான்தான் தப்போ? நாலு நாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு கதையைக் கேட்டுவிட்டு, ஊரில் இருக்கும் பிள்ளைகளையெல்லாம் வேலிக்குள் வைத்துப் பார்க்கிறேனோ?

ஜூன் 14, சனி

காலையில் கதவைத் தட்டியது நூரக்கா. முக்காடு சரியாகப் போடவில்லை, கண் வீங்கியிருந்தது. உட்காரவில்லை. தமீம் அனுப்பிய குரல் மெசேஜ்களை வரிசையாகப் போட்டுக் காட்டினார். போன புதிதில்: 'யம்மா, இங்க ஒரே குளுரு, நீ மருந்து துன்னியா?' அப்புறம் ஒரு இடைவெளி. அதற்குப் பிறகு வந்ததெல்லாம்: 'அம்மா, நான் நலமாக இருக்கிறேன்.' ஒன்றன் பின் ஒன்றாக. எல்லாம் ஒரே அளவு, ஒரே மூச்சு.

"இது எம் புள்ள வாயி இல்ல, கலா."

 தினா உள்ளேயிருந்து வந்து அவர் கையிலிருந்து போனை வாங்கினான்.

இன்றோடு தடைக்காலம் முடிகிறது. துறைமுகத்தில் படகுக்கெல்லாம் மாலை, ஐஸ் வண்டிகள், டீசல் வாசம். மாரியின் முதலாளி வரச் சொல்லிவிட்டார். போகவா என்று மாரி என்னைக் கேட்டார். அவர் கேட்டுப் போனதே இல்லை. போங்கள் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

கலெக்டர் ஆபீஸ். நானும் நூரக்காவும் தினாவும். வெயிலில் வரிசை. மோர் விற்பவனிடம் மோர்.

உள்ளே இருந்த அதிகாரி அம்மா முதலில் வேலையாகவே கேட்டார். குரல் மெசேஜ்களைப் போட்டுக் காட்டியதும் பேனாவை வைத்துவிட்டார். வேறு மாவட்டங்களிலும் இப்படிப் புகார் இருக்கிறதாம். தாய்லாந்து என்று கூட்டிப் போய் எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, ஆன்லைனில் ஊரை ஏமாற்றும் வேலை செய்யச் சொல்கிறார்களாம். மறுத்தால் அடி. ஆள் சேர்த்துக் கொடுத்தால் அடி குறையும்.

தினா தலையைக் குனிந்துகொண்டான். அவனை ஏன் கூப்பிட்டான் தமீம் என்பது அங்கேதான் எங்களுக்குப் புரிந்தது.

தூதரகத்துக்கு அனுப்புவதாகவும், காலம் ஆகும் என்றும் சொன்னார். பொய்யாக நம்பிக்கை கொடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. போலீசிலும் எழுதிக் கொடுத்தோம். ஏஜென்ட் ஆபீஸ் பூட்டு. போன் அணைத்து வைத்திருக்கிறான்.

பஸ்ஸில் நூரக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பிறகு, "அந்த ரவிக்க கை இறுக்கம்தான? ஏன் சொல்லல?" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

தகவல் இல்லை. அதிகாரி அம்மாவுக்குப் போன் செய்தால் எடுக்கிறார். அதுவே பெரிது.

தினா மாரியோடு படகில். எஞ்சின் பார்த்துக்கொள்கிறான். முதல் முறை கரை கண்ணில் மறைந்ததுமே வாந்தி. "இது சும்மா கொஞ்ச நாளிக்கிதான்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறான். நான் ஒன்றும் கேட்கவில்லையே.

இன்று கடைசிப் பதிவு. போர் முடிந்து ஜப்பான் தோற்றுவிட்டது. ஊரில் கொடி, கூச்சல். சுரங்கங்களிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் கப்பல்கள் துறைமுகத்துக்கு வருகின்றன. சுனோக் கரையில் நிற்கிறாள். இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். கப்பல் காலியாகிறது. வசனமே கிடையாது. மூச்சு மட்டும்.

மூச்சுக்கு எதற்கு நான், அந்த நடிகையின் மூச்சே போதுமே என்று கேட்டேன். மூல ஒலியில் இசை கலந்திருக்கிறதாம்.

முதல் டேக்கில் விசும்பினேன். "அழாதீங்கக்கா. அவளுக்கு இன்னும் தெரியாது. தேடுங்க" என்றார் ராகவி.

தேடும் மூச்சு எப்படி இருக்கும்? கொஞ்ச நாளாகத் தினமும் பார்க்கிறேனே. மிஷினை மிதித்துக்கொண்டே, தெருமுனையில் ஆள் தெரிந்தால் ஊசியை நிறுத்தி, யார் என்று தெரிந்ததும் மறுபடி மிதிக்கும் அந்த ஒரு நொடி. அதைக் கொடுத்தேன்.

ஓகே ஆயிற்று. பிறகு ராகவி, "டீ சொல்லட்டுமா?" என்றார்.

யோங்சூ வரவில்லை. கடைசிவரை தொடரில் சொல்லவே இல்லை. எழுதியவர்கள் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மழை. தமீம் வந்துவிட்டான்.

தூதரகம் மீட்ட இன்னும் சில தமிழ்நாட்டுப் பிள்ளைகளோடு. விமான நிலையத்தில் அரசு வண்டி, போட்டோ, கையெழுத்து. நூரக்கா அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. முகம், கழுத்து, முதுகு என்று தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார், வாங்கிய மீனைப் பார்ப்பது போல. இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்றான்.

வீட்டில் தினாவைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மாமு, உன்ன இட்டாரச் சொன்னாங்கடா. பேரு குடுக்கலேன்னா கரண்ட்டு வெப்பாங்க. உன் பேர குடுத்துட்டேன்."

தினா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "உட்றா."

"உன் பேரதான்டா குடுத்தேன். வேற யாரு பேரும் வாயில வர்ல."

"உட்றான்றேன் இல்ல. சோறு துன்னு மொதல்ல."

பிறகு நான் தனியாகக் கேட்டேன், அன்றைக்கு எங்களுக்கு ஜாடை காட்டத்தான் அப்படிப் பேசினாயா என்று. முழித்தான். "இல்லக்கா. எழுதிக் குட்த்தத பயத்துல அப்டியே படிச்சேன். நீங்க கண்டுக்குவீங்கன்னுலாம் தோணல." நான் பெரிதாக நினைத்து வைத்திருந்தது அவனுக்கு வெறும் பயம்.

அந்த இடத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்களாம். அதைச் சொன்ன பிறகு அவன் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 20, சனி

புழுக்கம். கறிவேப்பிலை, தேங்காய், சோப்பு வாங்க.

தொடர் வெளியாகிவிட்டது. பக்கத்து வீட்டார் எல்லாம் பார்த்தார்கள். 'மீன்காரி தமிழ் கலீஜ்' என்று யாரோ போனில் எழுதியிருக்கிறான். 'எங்க அம்மா பேசற மாதிரியே கீது' என்று இன்னொருவன். ராகவி இரண்டையும் எனக்கு அனுப்பியிருந்தார்.

தண்டையார்பேட்டை நெடுஞ்சாலை. அந்த ஏஜென்ட் கைதாகி ஜாமீனில் வந்துவிட்டான். பழைய ஆபீஸுக்குப் பக்கத்து மாடி. போர்டில் பெயர் புதிது, 'வெளிநாட்டு வேலை' போய் 'வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை'. கண்ணாடிக் கதவுக்குள் அதே இஸ்திரிச் சட்டை. போலீசில் சொன்னதற்கு, குறிப்பாகப் புகார் வந்தால் பார்க்கிறோம் என்றார்களாம்.

எதிர்ப்புற டீக்கடையில் தமீம். இப்போதெல்லாம் வேலை தேடிப் போகாத நேரமெல்லாம் அங்கேதான் என்று நூரக்கா குறைப்பட்டுக்கொண்டார். படகு கரையில் இருந்தால் தினாவும். இன்று தமீம் மட்டும். என்னைப் பார்த்து, "யக்கா, டீ துன்றியா?" என்றான். டீயைக் கூடத் தின்பான் இவன்.

பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு பையன்கள். இருபது வயது இருக்கும். புதுச் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினார்கள்.

தமீம் கிளாஸை வைத்தான். பஸ் வருவதைப் பார்க்காமல் சாலையில் இறங்கினான், டிரைவர் திட்டினார். ஓடிப்போய் முதல் படியில் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டான். மேலே கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஆள் எழுந்து நிற்பது தெரிந்தது.

பையன்களில் ஒருவன் தள்ளச் சொல்லிக் கை காட்டினான். தமீம் நகரவில்லை. அவர்களை அண்ணாந்து பார்த்து என்னவோ சொல்லி, மடங்காத விரல்களோடு இடது கையை நீட்டினான்.

பையன்கள் உட்கார்ந்தார்கள்.